மறுபடியும் டியூப் எதற்கு? புற்றின் ஆழம் பார்க்கும் ஸ்கேன்



ஆனையூர் குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் அவசரக் கடன் கேட்டார். வீட்டுக்காரருக்கு இரைப்பையில் புற்று. "வாய் வழியா டியூப் விட்டு, சதை எடுத்துப் பார்த்து, புற்றுன்னு சொல்லிட்டாங்க. இப்ப மறுபடியும் டியூப் விடணுமாம். எதுக்குங்க? நேரா ஆபரேசன் பண்ணிடலாமே?" என்றார். நியாயமான கேள்விதான்.

முதலில் விட்ட டியூப் எண்டோஸ்கோப்பி. அதன் நுனியில் கேமரா இருக்கும். உள்பக்கத்து மேல்தோலை மட்டும் காட்டும். சுவரில் கரையான் ஏறினால் நாம் என்ன பார்ப்போம்? பூச்சோடு நிற்கிறதா, செங்கல்லுக்குள் போயிட்டதா, பக்கத்து வீட்டுச் சுவருக்கே தாவிட்டதா என்றுதானே? புற்றுக்கும் அப்படித்தான். அதைக் காட்டுவது இரண்டாவது டியூப். எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டு என்பார்கள். கேமராவோடு, கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறோமே, அதே வகை ஸ்கேன் கருவி சின்னதாக நுனியில் இருக்கும். 1980 வாக்கில் வந்த முறை.

வயிற்றின் மேலேயே வைத்துப் பார்த்தால் என்ன? இரைப்பையில் காற்று இருக்கும். காற்று ஒலியை மறித்துவிடும். உணவுக்குழாயோ நெஞ்செலும்புக்குப் பின்னால் கிடக்கிறது. உள்ளேயிருந்து பார்த்தால்தான் சில மில்லிமீட்டர் கனமுள்ள சுவர் ஐந்து அடுக்காகத் தெரியும். பக்கத்தில் நெறி கட்டியிருந்தாலும் தெரியும். தேவைப்பட்டால் ஊசி விட்டு அதிலிருந்தும் சதை எடுப்பார்கள்.

இதை வைத்துத்தான் வைத்தியமே மாறுகிறது. மேல்படலத்தோடு நின்றால், சிலருக்கு வயிற்றைக் கிழிக்காமல் டியூப் வழியாகவே எடுத்துவிடலாம். ஆழமாகப் போயிருந்தாலோ, நெறியில் இருந்தாலோ பெரும்பாலும் முதலில் மருந்து ஏற்றி, பிறகுதான் ஆபரேசன். கல்லீரல், நுரையீரல் வரை பரவியிருந்தால் பொதுவாக ஆபரேசனால் பலன் இருக்காது. தாலிச்செயினை அடகு வைத்து அவசரமாகக் கத்தி வைக்கச் சொல்வதற்கு முன் இது தெரிய வேண்டாமா?

எல்லாருக்கும் இது தேவைப்படாது. தூரப் பரவலைக் காட்டுவது சி.டி. ஸ்கேன். அதிலேயே பரவியது தெரிந்துவிட்டால் இந்த டியூப் வேண்டியதில்லை. புற்று குழாயை அடைத்து டியூப் நுழையாமலும் போகலாம். சில நேரம் ஆழத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டிவிடுவதும் உண்டு. அதனால் டாக்டர் இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு சொல்வார்.

எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்தக் கருவி இருக்காது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், இரைப்பை குடல் பிரிவில் விசாரியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. இந்தப் பரிசோதனை அதில் சேருமா என்று காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கடன் எவ்வளவு என்பதை அதற்குப் பிறகு குழுவில் பேசலாம்.

வெறும் வயிற்றோடு போகணும். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மயக்க ஊசி போடுவதால் அன்று தனியாக அனுப்பாதீர்கள். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் குழுவிலிருந்து ஒருவர் கூடப் போய்வரலாம்.