கொடைக்கானல் வெயில்

ஏரியில் படகு விட்டு, சுற்றுச்சாலையில் சைக்கிள் ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய மறுநாள், பிள்ளைக்கு மூக்கும் கன்னமும் காந்தும். சில நாளில் தோல் உரியும். “அங்கே வெயிலே இல்லையே டாக்டர், ஸ்வெட்டர்கூடப் போட்டிருந்தானே!” என்பார்கள் பெற்றோர்.

தோலைக் கன்றவைப்பது புற ஊதாக் கதிர். வெப்பம் உடம்புக்குத் தெரியும், இது தெரியாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று குளிர்ந்திருப்பதால் பிள்ளைகளும் நிழல் தேடுவதில்லை. மெல்லிய மேகத்தை நம்பிப் பயனில்லை, இந்தக் கதிரில் பெரும்பகுதி அதைத் தாண்டி வந்துவிடும்.

சமவெளியிலும் இதே குழப்பம்தான். அக்னி நட்சத்திரம் பிறந்த பிறகுதான் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிடுகிறோம். ஆனால் புற ஊதாக் கதிர் கடுமையாவது சூரியன் உச்சியில் நிற்கும்போது. சூரியன் சென்னையின் நேர் உச்சிக்கு வருவதோ ஏப்ரல் 24 வாக்கில். கன்னியாகுமரிக்கு அதற்கும் முன்பே, ஏப்ரல் 10-ஐ ஒட்டி. ஆகஸ்டில் சென்னைக்கு மறுபடியும் ஒருமுறை வரும். கத்திரி கழிந்தது, பள்ளி திறந்தது என்று தொப்பியைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

பிள்ளைக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொடுங்கள்: தன் நிழல் தன்னைவிடக் குட்டையாக இருந்தால் வெயிலில் ஆட்டமில்லை. கோடையில் நம் ஊரில் அது காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை.

அந்த நேரத்தில் வெளியே போயே ஆகவேண்டுமென்றால் முதலில் துணி, பிறகுதான் க்ரீம். நெருக்கமாக நெய்த முழுக்கைப் பருத்திச் சட்டை போதும். மெல்லிய வெள்ளை பனியன் கடல்நீரில் நனைந்துவிட்டால் காப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கிரிக்கெட் தொப்பி காதையும் பிடரியையும் மறைக்காது, சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி வாங்குங்கள்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலில் வைத்திருங்கள். பெரிய பிள்ளைகளுக்கு எஸ்.பி.எஃப். 30, கூடவே பி.ஏ. என்ற எழுத்துகளை அடுத்து மூன்று கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். 30 என்பது கன்றவைக்கும் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98. அந்த ஒரு சதவீதத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் தாராளமாகப் பூசினால்தான். கன்னத்தில் பொட்டு வைப்பதுபோல் தொட்டுத் தேய்த்தால் பாதிகூடக் கிடைக்காது. துத்தநாக ஆக்சைடு கலந்தது சிறுவர் தோலுக்கு ஒத்துப்போகும். வெள்ளையாகப் படிகிறதே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், எங்கே விட்டுப்போனது என்பதை அந்த வெள்ளைதான் காட்டும். கிளம்புவதற்குக் கால்மணி முன்பு பூசி, இரண்டு மணிக்கு ஒருமுறையும் நீரில் இறங்கி ஏறிய பிறகும் மறுபடி பூசுங்கள். தேங்காயெண்ணெய் இதற்கு ஈடாகாது.

“கறுத்துப்போயிடுவே” என்று மிரட்டிப் பிள்ளையை உள்ளே இழுக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. கறுப்பது, தோல் தன்னைக் காத்துக்கொள்ளும் வேலை. அதற்கு வைத்தியம் எதற்கு? நிறத்துக்காக எலுமிச்சைச் சாறு தேய்த்து வெயிலில் விட்டால் சாறு பட்ட இடம் வெந்து கருந்திட்டாகும், மறைய மாதக்கணக்காகும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு க்ரீம் இன்னும் மோசம், தோலையே மெலிதாக்கிவிடும். கோடையில் கன்னத்தில் தெரியும் வெளிறிய திட்டுகளைப் பார்த்துவிட்டு ‘கால்சியம் குறைவு’, ‘பூச்சி’ என்று டானிக்கும் மாத்திரையும் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அது வறண்ட தோல். சுற்றியிருக்கும் தோல் கறுப்பதால் எடுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஈரப்பதம் காக்கும் க்ரீமும் தொப்பியும் போதும். உணர்ச்சியில்லாமல் மரத்திருந்தால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

மாநிறத் தோலில் கன்றினாலும் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. தொட்டால் சுடுகிறதா, சட்டை உரசினால் முகம் சுளிக்கிறானா என்று பாருங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் போட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். ஐஸ் கட்டி, பற்பசை இரண்டும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்துகொண்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.