எவர்சில்வரில் லேசர் பெயர்: பூச்சு கலக்கும் பக்குவம்



நம்ம பக்கத்தில் பெயர் வெட்டாத பாத்திரம் சீரில் ஏறாது. குடமோ, சருவமோ, தூக்குவாளியோ, யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, என்றைக்கு என்று எழுதியிருக்கணும். பந்திக்கு இரவல் போன அண்டா வீடு திரும்புவதும் அந்தப் பெயரை வைத்துத்தான். முன்பு சின்ன உளியை வைத்துத் தட்டித் தட்டிப் புள்ளியாக எழுதினார்கள். அப்புறம் கரண்டில் அதிர்கிற பேனா வந்தது. பாத்திரக் கடைகளில் இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது.

இப்போது சில குழுக்கள் கடன் எடுத்து லேசர் மெஷின் வாங்கி, மரப்பலகையில் பெயர், அக்ரிலிக் சாவிக்கொத்து, பரிசுக் கேடயம் என்று செய்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மரத்தில் இவ்வளவு அழகா எழுதுது, எவர்சில்வர்ல மட்டும் ஏன் எழுத மாட்டேங்குது?"

காரணம் மெஷினுக்குள் இருக்கிற ஒளியின் வகை. நம் குழுக்கள் வைத்திருப்பது பெரும்பாலும் கண்ணாடிக் குழாய் உள்ள கார்பன்-டை-ஆக்சைடு லேசர். அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாது, அலைநீளம் 10.6 மைக்ரான். மரம், ஓலை, அக்ரிலிக், தோல் எல்லாம் இந்த ஒளியை வாங்கிக்கொண்டு கருகும், இல்லாவிட்டால் உருகும். பளபளக்கும் உலோகம் அதில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். முகம் பார்க்கிற கண்ணாடியில் டார்ச் அடித்த மாதிரிதான். ஃபைபர் லேசர் என்று இன்னொரு வகை உண்டு. அதன் அலைநீளம் சுமார் 1.06 மைக்ரான், அதை உலோகம் நன்றாக வாங்கும். பூச்சு எதுவும் இல்லாமலே எழுதும்.

ஆகவே முதலில் ஒரு விஷயம். பாத்திரத்தில் பெயர் வெட்டுவதற்காக மட்டும் புதிதாகக் கடன் எடுப்பதாக இருந்தால், கார்பன்-டை-ஆக்சைடு மெஷின் வாங்காதீர்கள். அதிரும் பேனாவில் தொடங்குங்கள். வேலை பெருகினால் ஃபைபர் லேசரைப் பற்றி யோசிக்கலாம். ஏற்கெனவே மர வேலைக்கு மெஷின் வைத்திருக்கிற குழுவுக்குத்தான் கீழே சொல்லும் பூச்சு முறை உபரி வருமானம் தரும்.

பூச்சு என்ன செய்கிறது? பாத்திரத்தின் மேல் கருப்பாக ஒரு பொடியைப் பூசுகிறோம். லேசர் ஒளியை அந்தப் பூச்சு வாங்கிச் சூடாகிறது. ஒளி பட்ட கோட்டில் மட்டும் பொடி எவர்சில்வரின் மேல்தோலோடு சேர்ந்து இறுகிவிடுகிறது. மற்ற இடத்தில் வெறும் பொடியாகவே கிடக்கும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். உலோகத்தின் மேல் எதையாவது பூசி நிறத்தை மாற்றுவது நமக்குப் புதிதும் இல்லை. கர்நாடகத்தில் பீதர் ஊர்க் கைவினைஞர்கள் பழைய கோட்டை மண்ணோடு நவச்சாரம் கலந்து, லேசாகச் சுடுபடுத்திய பாத்திரத்தில் தேய்ப்பார்கள். துத்தநாகக் கலவை கருப்பாகும், அதில் பதித்த வெள்ளி மட்டும் வெள்ளையாகவே நிற்கும். அங்கே மண் செய்கிற வேலையின் ஒரு பங்கை இங்கே பொடியும் ஒளியும் செய்கின்றன.

கடையில் ஆயத்தமாக விற்கும் பூச்சு, செர்மார்க் போன்ற பெயர்களில் வெளிநாட்டிலிருந்து வருகிறது. விலை அதிகம், ஆனால் எழுத்து சீராக வரும். அதைக் கலக்கும் அளவு பாட்டிலோடு வரும் தாளில் இருக்கும், அதை மீற வேண்டாம். மலிவான வழி மாலிப்டினம் டை சல்பைடு என்ற பொடி. மெஷின்களுக்கு உலர் மசகாகப் போடுவது இதைத்தான். பென்சில் கரி மாதிரி வழுவழுப்பாக இருக்கும். கடுகு அரைத்துப் பூசினாலே எழுத்து வரும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். ஏதோ வரும், மங்கலாகவும் திட்டுத்திட்டாகவும் வரும். காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலைக்கு அது ஆகாது. கடுகு தாளிக்கவே இருக்கட்டும்.

பொடியைக் கரைக்க, சீக்கிரம் ஆவியாகிற ஒரு திரவம் வேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பலரும் மெத்திலேட்டட் ஸ்பிரிட் என்று சொல்வார்கள். அதில் மெத்தனால் கலந்திருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதற்கு முந்தின வருடம் மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கமும் இதே கதைதான். குடிக்கிற ஆண் இருக்கிற வீட்டில் "ஸ்பிரிட்" என்று ஒரு பாட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அதை வாங்கி வைத்திருக்க உரிமம் கேட்கும் விதிகளும் உண்டு. அதனால் நாங்கள் சொல்வது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கடையில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் தருவார்கள். இதுவும் குடித்தால் விஷம்தான். தண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். வந்த டப்பாவிலேயே, பெயர் தெரிகிற மாதிரி, பூட்டுகிற அலமாரியில் வையுங்கள். சாவி ஒருவர் கையில் இருக்கட்டும். வீட்டில் வைக்காமல் வேலைக் கொட்டகையிலேயே வைத்தால் இன்னும் நல்லது.

இது சாதாரண வெயிலிலேயே தீப்பிடிக்கிற ஆவியை விடும். 12 டிகிரி சூடு போதும். நம்ம ஊரில் எந்த மாதம் அதற்குக் கீழே இறங்குகிறது? கலக்கும் இடத்தில் அடுப்பு, ஊதுவத்தி, பீடி எதுவும் கூடாது. கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

இனி கலக்கலாம். மூடியுள்ள சின்னக் கண்ணாடிப் புட்டியில் பொடி ஒரு பங்கு, ஐ.பி.ஏ. மூன்று பங்கு என்று ஆரம்பியுங்கள். ஒரே கரண்டியால் அளந்தால் போதும். முதலில் பொடியில் கொஞ்சமாக ஊற்றி, கட்டி இல்லாமல் குழைத்து, பிறகு மீதியை ஊற்றி நீர்க்க விடுங்கள். ரவை தோசை மாவு மாதிரி ஓடுகிற பதம் வேண்டும். இட்லி மாவு பதம் என்றால் கெட்டி. கெட்டியாகப் பூசினால் மேல் அடுக்கு மட்டும் சூடாகி, அடியில் உள்ள பொடி உலோகத்தோடு ஒட்டாது. தேய்த்தால் எழுத்தோடு உரிந்து வரும். ரொம்ப நீர்த்தால் பாத்திரம் பூச்சுக்கு ஊடே தெரியும், எழுத்து விட்டுவிட்டு விழும். பொடி சீக்கிரம் அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு தடவை பிரஷ் முக்கும் முன்னும் புட்டியைக் குலுக்கணும். இரண்டு பேர் சேர்ந்து செய்யும்போது, "மைனி, கலக்கிட்டியளா?" என்று கேட்டுக்கொண்டே பூசினால் தப்பு வராது.

பூசும் முன் பாத்திரம் சுத்தமாக இருப்பதில்தான் பாதி வேலை. புதுப் பாத்திரத்தில் பாலிஷ் போட்ட எண்ணெய்ப் பிசுக்கும், ஸ்டிக்கர் பசையும் இருக்கும். பசை போகத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, கடைசியாக ஐ.பி.ஏ. நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடையுங்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் விரல் படக்கூடாது. ரேகை பட்ட இடத்தில் எழுத்து நிற்காது.

பட்டையான மென்மையான பிரஷால் ஒரே திசையில் மெல்லிசாக இழுங்கள். சாத்தான்குளம் பக்கத்தில் இன்னொரு தொல்லை, தேரிக்காட்டுச் செம்மண். ஆனி, ஆடிக் காற்றில் கொட்டகைக்குள்ளேயே பறந்து வந்து ஈரப் பூச்சில் உட்காரும். மண் விழுந்த இடமெல்லாம் எழுத்தில் ஊசிப் பொத்தல். காற்றுக் காலத்தில், பூசியதும் வலைத்துணி போட்ட பெட்டிக்குள் வைத்துக் காயவிடுங்கள். நிழலில் சில நிமிஷம் போதும். கருப்பு மினுமினுப்பு போய் மங்கலாகத் தெரிந்தால் காய்ந்துவிட்டது. ஈரத்தோடு மெஷினில் வைத்தால் ஆவி தீப்பிடிக்கும்.

மெஷினில் எவ்வளவு பவர், எவ்வளவு வேகம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. குழாயின் வாட், அதன் வயசு, தகட்டின் கனம் எல்லாம் மாறும். பவரைக் கூட்டி வைத்து, வேகத்தை மட்டும் மாற்றி, கழிவுத் தகட்டிலோ பழைய கரண்டியிலோ வரிசையாகச் சின்னக் கட்டங்கள் அடித்துப் பாருங்கள். கழுவி, கம்பி நாரால் அழுத்தித் தேயுங்கள். கரேலென்று நிற்கிற கட்டத்தின் எண்ணை நோட்டில் எழுதுங்கள். சாம்பல் நிறமாக வந்து தேய்த்ததும் போனால் சூடு பத்தவில்லை, வேகத்தைக் குறைக்கணும். பழுப்பாகி, தகடு வளைந்தால் சூடு அதிகம். மெல்லிய தட்டுகளில் இது சீக்கிரம் நடக்கும். குடம், தூக்குவாளி போன்ற உருண்டைப் பாத்திரத்துக்குச் சுழற்றும் கருவி இல்லாமல் குவியம் சரியாக விழாது. மூடி, தட்டு என்று தட்டையான பொருளில் முதலில் கை பழகுங்கள்.

எவர்சில்வரில் இது நன்றாக வரும். பித்தளையும் செம்பும் சூட்டை உடனே பரவவிட்டுவிடும், அலுமினியமும் அப்படித்தான். அந்த ஆர்டரை எடுக்காமல் இருப்பதே மேல். துத்தநாகம் பூசிய வாளியில் வேண்டவே வேண்டாம், புகை கெடுதல். எந்தப் பாத்திரமானாலும் வெளிப்பக்கம் மட்டும் எழுதுங்கள். சோறும் குழம்பும் படுகிற உள்பக்கத்தில் இந்தப் பூச்சு போகக்கூடாது.

புகையைப் பற்றியும் சொல்லணும். இந்தப் பொடி காற்றில் சூடாகும்போது கந்தக-டை-ஆக்சைடும் மாலிப்டினம் டிரை ஆக்சைடும் உண்டாகும். இந்த இரண்டாவதை உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. மெஷினின் மூடியைச் சாத்தி, புகைக்குழாயை வெளியே விட்டு, ஃபேன் ஓடாமல் ஒரு எழுத்தும் அடிக்காதீர்கள். பொடி அள்ளும்போது என்-95 முகமூடி, கையுறை போடணும்; முந்தானையால் மூக்கைப் பொத்துவது பத்தாது. கர்ப்பமாக இருக்கும் சகோதரிகளும் இளைப்பு உள்ளவர்களும் ஆர்டர் நோட்டு எழுதட்டும், மெஷின் பக்கம் வேண்டாம். துடைத்துக் கழுவிய தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாமல், வாளியில் தெளியவிட்டு, வண்டலைத் தனி டப்பாவில் சேருங்கள்.

கணக்கு எப்படி? பேச்சுக்கு, மெஷினுக்கு மாதத் தவணை 6,000 ரூபாய் என்றும், பொடி, கரண்ட், கூலி போக ஒரு பெயருக்கு 30 ரூபாய் நிற்கிறது என்றும் வைப்போம். தவணைக்கு மட்டும் மாதம் 200 பெயர் வேண்டும். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் கிடைக்கலாம். ஆடியிலும் மார்கழியிலும் கிடைக்காது, தவணை மட்டும் தவறாமல் வரும். அந்த மாதங்களை மரவேலையும் கேடயமும் ஓலைப் பெட்டி வேலையும் தாங்கினால்தான் மெஷின் நிற்கும்.

எழுத்துக்கு வருவோம். பாத்திரத்தில் விழுந்த பெயரை அழிக்க முடியாது. ஆர்டர் தருபவரே தன் கையால் நோட்டில் பெயரையும் இனிஷியலையும் தேதியையும் எழுதி, கையெழுத்துப் போடட்டும். சண்முகக்கனியில் ஒரு 'க்' விட்டுப்போனாலும் சபையில் வைக்க முடியாது. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு மாறினால் வெறும் கட்டம் கட்டமாக வரும். அதனால் எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி, ஒரு தடவை தாளில் அச்சடித்து, ஆர்டர் தந்தவரிடம் காட்டிவிட்டு மெஷினுக்கு அனுப்புங்கள். அதையும் மீறிக் கெட்டுப்போனால் குழு புதுப் பாத்திரம் வாங்கித் தரணும். அந்தச் செலவைப் பொருள் வாங்கியதோடு சேர்க்காமல், சேதாரம் என்று தனித் தலைப்பில் எழுதி, மாதக் கூட்டத்தில் ஊக்குநர் எல்லார் முன்னாலும் வாசிக்கட்டும்.