ஆறு மாத டிப்ளமோ போதுமா?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறேன். கடலூரில் ஒரு சிறப்புப் பள்ளியில் இரண்டு வருடமாக உதவியாளர் வேலை. தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். குழந்தைகளைச் சாப்பிட வைப்பது, பாத்ரூம் கூட்டிப்போவது, டீச்சர் சொல்வதைச் செய்வது, இவ்வளவுதான் என் வேலை. என் அத்தை மகனுக்கும் மூளை முடக்குவாதம். ஒன்பது வயதாகிறது, பள்ளிக்கூடமே போனதில்லை. இதை முறையாகப் படிக்க ஆசை. வீட்டில் ‘ஆயா வேலைக்கு எதுக்கு இன்னொரு பட்டம்?’ என்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு பயிற்சி நிலையம் ஆறு மாதத்தில் ஸ்பெஷல் எஜுகேஷன் டிப்ளமோ தருகிறதாம், அரசு வேலைக்கும் செல்லும் என்கிறார்கள். சேரலாமா? வேலையை விடாமல் படிக்க முடியுமா? படித்தால் வேலை கிடைக்குமா?
— வாசகி, சிதம்பரம்

பதில்: அந்த ஆறு மாத டிப்ளமோ வேண்டாம், சகோதரி.

இந்தியாவில் சிறப்புக் கல்விப் படிப்புகளை அங்கீகரிப்பது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில். ஆர்.சி.ஐ. என்றால் எல்லோருக்கும் தெரியும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அது அங்கீகரித்த படிப்பை முடித்து, அதன் மத்தியப் பதிவேட்டில் பெயரைப் பதிந்தவர்தான் சிறப்பாசிரியராக வேலை பார்க்கலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றுகூடச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அப்படி யாரும் உள்ளே போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நேர்முகத் தேர்வில் அந்தப் பதிவு எண்ணைக் கேட்பார்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் சேரும் டி.எட். சிறப்புக் கல்வியே இரண்டு வருடம். ஆறே மாதத்தில் கையில் தருகிற சான்றிதழுக்குச் சிறப்பாசிரியர் என்ற பதிவு எண் கிடைக்காது.

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆனால் எவ்வளவு பழைய பல்கலைக்கழகமானாலும் இந்தப் பாடத்துக்கு ஆர்.சி.ஐ. அனுமதி தனியாக வேண்டும். அதையும் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். ஒரே கல்லூரியில் செவித்திறன் குறைபாட்டுப் பிரிவுக்கு அனுமதி இருக்கும், ஆட்டிசத்துக்கு இருக்காது. விண்ணப்பம் வாங்கும் முன், நீங்கள் சேரப்போகும் கல்வியாண்டில் அந்தக் கல்லூரிக்கு, அந்தப் பிரிவுக்கு அனுமதி இருக்கிறதா என்று ஆர்.சி.ஐ. பட்டியலில் பார்த்துவிடுங்கள். நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். பக்கம் எல்லாவற்றையும் நகர்த்தும் அறிவிப்புகள் வேறு வந்தபடி இருக்கின்றன. போன வருடம் அக்கம்பக்கத்தில் யாரோ சேர்ந்தார்கள் என்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

உங்கள் வீட்டார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சோறு ஊட்டுவதும் பாத்ரூம் கூட்டிப்போவதும் கேவலமான வேலை இல்லை, அதற்குப் பட்டம் தேவையும் இல்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை எந்த நிலையில் உட்கார வைத்தால் தொண்டையில் அடைக்காமல் விழுங்கும், அது தானே ஸ்பூனைப் பிடிக்க இன்னும் என்னென்ன பழக வேண்டும், அதில் இந்த மாதம் எதுவரை போகலாம் என்று சொல்வதற்குத்தான் படிப்பு வேண்டும்.

சென்னையில் பி.ஜெயச்சந்திரன், வி.விமலா இருவரும் உருவாக்கிய மதிப்பீட்டு முறை ஒன்று உண்டு. எம்.டி.பி.எஸ். என்பார்கள், அதில் முதல் எழுத்தே மெட்ராஸ்தான். 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 வீதம் 360 செயல்கள். உடுத்துவது, உண்பது, பேசுவது, எண்ணுவது என்று ஒவ்வொன்றும் எளியதிலிருந்து கடினமானதுக்குப் போகும். குழந்தை செய்கிறதா, இல்லையா என்று குறித்துக்கொண்டே போனால் அடுத்து எதைக் கற்பிப்பது என்று தெரிந்துவிடும். நீங்கள் இரண்டு வருடமாகத் தினமும் பார்க்கும் குழந்தையை இந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு நாள் பாருங்கள். ‘அவனுக்கு ஒண்ணும் தெரியாது’ என்று சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு என்னென்ன தெரிகிறது என்று பக்கம் பக்கமாக எழுதுவீர்கள்.

உங்கள் கணிதமும் வீணாகாது. அறிவுசார் குறைபாடுள்ள பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் கழித்தலைக் கரும்பலகையில் சொல்லித்தருவதைவிட, இருபது ரூபாயோடு கடைக்கு அனுப்பி மிச்சம் வாங்கிவரச் செய்வதுதான் பாடம். நோட்டை அடையாளம் காண்பது, விலையைக் கேட்பது, பணத்தைக் கொடுத்துவிட்டு மிச்சத்துக்காக நிற்பது, எண்ணிப் பார்ப்பது என்று அதைப் படிப்படியாகப் பிரிக்க வேண்டும். மிச்சம் வாங்காமலே திரும்பிவிடுகிற பிள்ளைகள் நிறைய. அங்கே தடுக்குவது கணக்கா, காத்திருக்கும் பழக்கமா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் நல்ல ஆசிரியர். கருவிகளும் உண்டு. பேச முடியாத குழந்தைகளுக்காகச் சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ செயலி இருக்கிறது. படத்தைத் தொட்டால் அது பேசும், தமிழிலும் வரும். ஆனால் எந்தக் குழந்தைக்கு எந்தப் படத்தில் தொடங்குவது என்பதைச் செயலி சொல்லாது.

எங்கே படிக்கலாம்? சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உங்களுக்கு நேர் வழி, ஆனாலும் தினம் போய்வரும் தூரமில்லை, தங்கித்தான் படிக்க வேண்டும். திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரி, கோவையில் அவினாசிலிங்கம், ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனம் ஆகியவையும் இந்தத் துறையில் பேர் பெற்றவை. பட்டதாரியான உங்களுக்கு ஏற்றது பி.எட். சிறப்புக் கல்வி. நேரடிப் படிப்பு இரண்டு வருடம், பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் கேட்பார்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டரை வருடப் படிப்பாக நடத்திவந்திருக்கிறது.

பொதுவாக இந்தப் பாடத்தைத் தொலைநிலையில் படிக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. குழந்தையின் பக்கத்தில் உட்காராமல் இதைக் கற்க முடியாது. உங்கள் கதை வேறு. பகல் முழுக்கக் குழந்தைகளோடுதான் இருக்கிறீர்கள். ஆகவே அனுமதி இருக்கும்பட்சத்தில், வேலையை விடாமல் திறந்தநிலையில் சேருவது உங்களுக்குப் பொருந்தும். செய்முறைப் பயிற்சி எந்தப் பள்ளியில், யார் மேற்பார்வையில் என்று மட்டும் சேரும் முன் கேளுங்கள். ‘அதெல்லாம் கையெழுத்து வாங்கிக்கலாம்’ என்றால் வேறு மையம் பாருங்கள். பிரிவு? அத்தை மகனை நினைத்துக்கொண்டு எடுக்காதீர்கள். நீங்கள் வேலை பார்க்கும் பள்ளியில் எந்தக் குழந்தைகள் அதிகமோ அதை எடுங்கள்.

வேலை விஷயத்தில் இனிப்பாகப் பேச மாட்டேன். பள்ளிக் கல்வித் துறையின் ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் தொகுப்பூதியம், வருடக்கணக்கில் நிரந்தரம் கேட்டுக் காத்திருப்பவர்கள். தனியார் சிறப்புப் பள்ளிகளில் சம்பளம் அதைவிடக் குறைவு. மறுபக்கம், தொடக்க வகுப்புகளில் பத்துக் குழந்தைக்கும் மேல் வகுப்புகளில் பதினைந்து குழந்தைக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று, உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பை அடுத்து, மத்திய அரசு 2022-இல் அறிவித்தது. 2025 மார்ச்சில், பணியிடங்களை அறிவிக்கச் சொல்லி மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் சிறப்பாசிரியர் இருக்க வேண்டும் என்பது இணைப்பு விதி. உலக வங்கிக் கடனில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் முதல் கட்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. ஆக, தேவை பெருகுகிறது, சம்பளம் இன்னும் அதோடு சேர்ந்து ஏறவில்லை. உடனே நிரந்தர அரசு வேலை என்ற கணக்கில் இறங்கினால் நொந்துபோவீர்கள். இந்த வேலை பிடித்துத்தான் இரண்டு வருடம் பஸ் ஏறியிருக்கிறீர்கள் என்றால், தாராளமாகப் படியுங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்ட விஷயம். அத்தை மகன் ஒன்பது வயதுவரை பள்ளிக்குப் போனதில்லை என்கிறீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை உண்டு. நடக்க முடியாத, வெளியே வர முடியாத குழந்தைகளுக்கு வீட்டுக்கே போய்க் கற்பிக்கும் ஏற்பாடும் வட்டார வள மையத்தில் உண்டு. உங்கள் பட்டம் வரும்போது அவனுக்குப் பன்னிரண்டு வயதாகிவிடும். அத்தையை இந்த வாரமே வட்டார வள மையத்துக்குக் கூட்டிப்போய் அவன் பெயரைப் பதியுங்கள்.