மும்பை விமான நிலையம்: வளர்ச்சியும் நில வரம்பும்

விமானப் போக்குவரத்து வளர்ச்சி என்றவுடன் புதிய முனையக் கட்டடங்களே பலர் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஒரு விமான நிலையம் எவ்வளவு போக்குவரத்தைத் தாங்கும் என்பதை இறுதியில் தீர்மானிப்பவை ஓடுபாதையும் அதைச் சூழ்ந்துள்ள நிலமுமே ஆகும். பம்பாய் என்று முன்னர் வழங்கப்பெற்ற மும்பையின் சர்வதேச விமான நிலையம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

தொடக்க காலம்

பம்பாயின் முதல் விமானத்தளம் 1928இல் ஜுஹுவில் அமைந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபாலுடன் வந்து இங்கு இறங்கினார். அந்தத் தபால் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டது. கடற்கரையை ஒட்டிய தாழ்வான இடமாதலால், மழைக்காலத்தில் ஜுஹு தளத்தைப் பயன்படுத்த இயலவில்லை. அம்மாதங்களில் சேவை புனாவுக்கு மாற்றப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது, சற்றுக் கிழக்கே உள்ள சாந்தாகுரூஸில் இராணுவத் தேவைக்காகப் பெரிய தளம் ஒன்று பயன்பட்டது. போருக்குப் பின் அது பொதுமக்கள் போக்குவரத்துக்கு வந்தது. 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் முதல் விமானம் கெய்ரோ, ஜெனிவா வழியாக லண்டனுக்குப் பம்பாயிலிருந்து புறப்பட்டது. 1958இல் சாந்தாகுரூஸில் பயணிகளுக்கான முனையம் திறக்கப்பெற்றது.

ஜெட் விமானங்களின் வருகை

1960இல் போயிங் 707 விமானங்களும், 1971இல் போயிங் 747 விமானங்களும் ஏர் இந்தியாவின் சேவைக்கு வந்தன. ஒரே நேரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட பயணிகள் வந்திறங்கும் நிலையைப் பழைய முனையம் தாங்கவில்லை. பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நிலையங்களையும் நிர்வகிக்க 1972இல் இந்தியச் சர்வதேச விமான நிலைய ஆணையம் அமைக்கப்பட்டது. சஹார் பகுதியில் சர்வதேசப் பயணிகளுக்கான தனி முனையம் 1981இல் இயங்கத் தொடங்கியது. உள்நாட்டுப் போக்குவரத்து சாந்தாகுரூஸிலேயே தொடர்ந்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். முனையங்கள் இரண்டாயின, ஓடுபாதைகளோ இரண்டுக்கும் பொதுவாகவே இருந்தன.

ஓடுபாதையின் பொருளாதாரம்

மும்பையில் இரண்டு ஓடுபாதைகள் உள்ளன. அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்வதால், ஒன்றில் விமானம் இறங்கும்போது மற்றொன்றைத் தனித்து இயக்க முடியாது. எனவே நடைமுறையில் இது ஒற்றை ஓடுபாதை நிலையமே ஆகும். ஒரு விமானத்தின் பின்னால் எழும் காற்றுச் சுழல் அடங்கும் வரை அடுத்த விமானம் குறிப்பிட்ட தூரம் விலகியிருக்க வேண்டும். இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகச் சில நொடிகள் தாமதித்தாலும் பின்வரும் விமானங்கள் வானில் காத்திருக்க நேரிடும். விரைவாக விலகிச் செல்லும் பக்கப்பாதைகள் அமைத்தும், இடைவெளிகளை நுட்பமாகக் கணக்கிட்டும், 2018இல் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் இயக்கப்பட்டன. இது பாராட்டத்தக்க சாதனை. ஆயினும், கூடுதலாக ஒரு விமானத்துக்கு இடமளிக்க வேண்டுமெனில் மற்றொன்றை விலக்க வேண்டிய எல்லையை நிலையம் நெருங்கிவிட்டது என்பதையும் இது காட்டுகிறது.

நிலமும் மக்களும்

விமான நிலையத்தின் நிலப்பரப்பு சுமார் 750 ஹெக்டேர். டில்லி நிலையத்தின் பரப்போ 2,000 ஹெக்டேருக்கும் அதிகம். மும்பை நிலத்தின் ஒரு பகுதியில் பல்லாயிரம் குடும்பங்கள் குடிசைகளில் வாழ்கின்றன. நகரின் உழைப்பாளிகளான இவர்களுக்கு, வேலைக்கு எட்டும் தொலைவில் மாற்று வீடு தராமல் நிலத்தை மீட்பது நியாயமும் அன்று, நடைமுறைக்கு இயல்வதும் அன்று. 2007இல் செய்யப்பட்ட மறுகுடியமர்வு ஒப்பந்தம் நோக்கம் நிறைவேறாமல் 2013இல் ரத்தாயிற்று.

மித்தி ஆறும் ஓடுபாதையின் அடியில் பாய்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது நிலையம் நீரில் மூழ்கி மூடப்பட்டது. ஆற்றின் வழியைக் குறுக்குவதன் செலவை நகரமும் நிலையமும் சேர்ந்தே ஏற்க நேர்ந்தது.

நிர்வாகமும் வருவாயும்

1995இல் நாட்டின் விமான நிலையங்கள் அனைத்துக்குமான ஒரே ஆணையம் உருவாயிற்று. 2006இல் மும்பை நிலையம் ஒரு கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதில் தனியார் தரப்புக்கு 74 சதவீதமும் ஆணையத்துக்கு 26 சதவீதமும் பங்கு. மொத்த வருவாயில் 38.7 சதவீதம் ஆணையத்துக்குச் சேர வேண்டும். 2021இல் தனியார் தரப்பின் பொறுப்பு அதானி குழுமத்துக்கு மாறியது. எனினும் வான்வழிக் கட்டுப்பாடு ஆணையத்திடமும், பாதுகாப்பு மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையிடமும், சுங்கமும் குடிவரவுச் சோதனையும் மத்திய அரசிடமும் உள்ளன.

போட்டி இல்லாத இடத்தில் கட்டணத்தை நிர்வாகியே விதிக்க விடுதல் முறையன்று. ஆதலால் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கட்டண ஒழுங்குமுறை ஆணையம் இறங்குகட்டணம் முதலியவற்றை நிர்ணயிக்கிறது. கடைகள், விளம்பரம் போன்றவற்றின் வருவாயில் 30 சதவீதம் கணக்கில் கொள்ளப்பட்டு, அந்த அளவுக்கு விமானக் கட்டணச் சுமை குறைக்கப்படுகிறது.

2014இல் ஆண்டுக்கு 4 கோடி பயணிகளுக்கான புதிய முனையம் திறக்கப்பட்டது. 2018-19இலேயே பயணிகள் எண்ணிக்கை 4.8 கோடியைத் தாண்டியது. கொரோனா காலத்தில் வீழ்ந்த போக்குவரத்து, 2023-24இல் 5 கோடியைக் கடந்தது.

படிப்பினை

நவி மும்பையில் இரண்டாவது நிலையம் அமைக்க 2007இல் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்தது. 2010இல் சுற்றுச்சூழல் அனுமதி வந்தது. குன்றைச் சமன்செய்தல், ஆற்றைத் திருப்புதல், கிராம மக்களுக்கு மாற்றிடம் அளித்தல் ஆகிய பணிகள் நடந்துவந்த நிலையில், 2018இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2025 அக்டோபரில் நிலையம் திறக்கப்பெற்றது; டிசம்பரில் விமான சேவை தொடங்கியது. ஒப்புதலுக்கும் முதல் விமானத்துக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன.

கட்டடத்தை மூன்று, நான்கு ஆண்டுகளில் எழுப்பிவிடலாம். நிலத்தைச் சேர்க்கவும், அதில் வாழ்வோரை முறையாகக் குடியமர்த்தவும் ஒரு தலைமுறைக் காலம் தேவைப்படுகிறது. ஆகவே வளரும் நகரங்கள், போக்குவரத்து நெருக்கடி தோன்றுவதற்கு முன்பே நிலத்தை ஒதுக்கி, இணையான இரு ஓடுபாதைகளுக்கு இடம்விட்டு, மறுகுடியமர்வுச் செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுதல் நலம். மும்பையின் முக்கால் நூற்றாண்டு அனுபவம் மற்ற நகரங்களின் திட்டமிடுவோருக்கு உணர்த்துவது இதுவேயாகும்.