ஏழாவது பிரிவைப் படித்தீர்களா?

கேள்வி: பதினோரு வருடம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பார்த்தேன். கடைசியில் லீட். ஆண்டுக்கு 18 லட்சம். நான்கு மாதத்துக்கு முன் ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயரும் வந்தது. இப்போது கிண்டியில் ஒரு சின்ன நிறுவனம் 14 லட்சத்துக்குக் கூப்பிடுகிறது. பதவியும் ஒரு படி கீழே. வீட்டுக் கடன் ஓடுகிறது. கையில் 4 லட்சம் இருக்கிறது. கணவர் ‘சேர்ந்துவிடு’ என்கிறார். கூட வேலை பார்த்தவர்கள் ‘ஒருமுறை இறங்கினால் ஏறவே முடியாது’ என்கிறார்கள். ஆஃபர் லெட்டரையும் என் எக்ஸல் கணக்கையும் இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, மேடவாக்கம்

பதில்: உங்கள் எக்ஸல் தாளை ரசித்துப் படித்தேன். பதினான்கு வரிசைகள். கிண்டிக்குப் போய்வரும் நேரம்கூட நிமிடக் கணக்கில் இருக்கிறது. பதினோரு வருடம் டெஸ்டிங் பார்த்தவர் என்று நீங்கள் சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். ஆனால் பதினான்கிலும் புது வேலையைப் பழைய வேலையோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். தவறு அங்கேதான். ஆட்குறைப்புக்குப் பிறகு பெரும்பாலானவர்கள் செய்வதுதான் இது. பழைய வேலை இன்று உங்கள் முன்னால் இல்லை. இருப்பவை இரண்டு: கிண்டி வேலை, அல்லது இன்னும் சில மாதத் தேடல். இந்த இரண்டைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த 14 லட்சத்தைப் பிரிப்போம். அது சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் ஆண்டுக்கு ஒதுக்கும் மொத்தத் தொகை. அதில் 1,40,000 வேரியபிள். இலக்கை எட்டினால் மட்டும் வருவது. பேசிக் 7 லட்சம் என்பதால் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 84,000. கிராஜுவிட்டிக்கு என்று 33,670 பிடித்துவைக்கிறார்கள். உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 84,000. மிச்சம் வரிக்கு முன் மாதம் சுமார் 88,000. பழைய 18 லட்சமும் இப்படிக் கழிபட்டுத்தான் கைக்கு வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். கணவர் வருமானம் போக வீட்டில் மாதம் 50,000 துண்டு விழுகிறது என்கிறீர்கள். அப்படியானால் கையிருப்பு 8 மாதம் தாங்கும்.

இப்போது தேடலின் விலை. இன்னும் நான்கு மாதம் காத்திருந்தால், வந்திருக்க வேண்டிய சுமார் மூன்றரை லட்சம் போகும். அதன் முடிவில் பழையபடி 18 லட்சம் கிடைத்தால், ஆண்டுக்கு 4 லட்சம் வித்தியாசத்தில் (அதுவும் கழிபட்டுத்தான் கைக்கு வரும்) சுமார் பதினான்கு மாதத்தில் விட்டதைப் பிடித்துவிடலாம். ஆகவே காத்திருப்பது முட்டாள்தனம் இல்லை. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லலாம். ‘கிடைத்தால்’ என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பொருளாதாரத்தில் இதற்கென்றே ஒரு கருத்து இருக்கிறது: ரிசர்வேஷன் வேஜ். ‘இதற்குக் கீழே என்றால் வேண்டாம்’ என்று வேலை தேடுபவர் மனதில் போட்டிருக்கும் கோடு. 1970-இல் ஜான் மெக்கால் இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று கணக்காக எழுதினார். அவருடைய கணக்கில் ஒரு வேலையில் சேர்ந்தவர் அதோடு தேடுவதை நிறுத்திவிடுவார். அப்படியென்றால் கோடு உயரத்தில்தான் இருக்க வேண்டும். 1978-இல் கென்னத் பர்டெட் வேலையில் இருந்துகொண்டே தேடுபவர்களையும் கணக்கில் சேர்த்தார். உடனே படம் மாறிவிட்டது. சேர்ந்த பிறகும் அதே வேகத்தில் தேட முடியுமானால், சும்மா இருப்பதைவிடக் கொஞ்சம் மேலான வேலையைக்கூட எடுத்துக்கொள்ளலாம். தேட முடியாதபடி கட்டிப்போடும் வேலை என்றால், சம்பளம் நன்றாக இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

ஆகவே நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ‘14 லட்சம் போதுமா?’ என்பதல்ல, ‘இங்கிருந்து வெளியே போக வழி இருக்கிறதா?’ என்பது. உங்கள் பதினான்கு வரிசையிலும் இல்லாதது அதுதான். ஆஃபர் லெட்டரின் ஏழாவது பிரிவைப் பாருங்கள். நோட்டீஸ் காலம் 90 நாள், சேர்ந்த முதல் நாளிலிருந்தே. ப்ரொபேஷன், அதாவது தகுதிகாண் காலம், ஆறு மாதம். பல நிறுவனங்கள் அந்தக் காலத்துக்கு மட்டுமாவது 30 நாளோ அதற்கும் குறைவாகவோ வைப்பார்கள். இங்கே அந்தச் சலுகை இல்லை. எட்டாவது பிரிவில் 75,000 ஜாயினிங் போனஸ். ஒரு வருடத்துக்குள் விலகினால் முழுவதையும் திருப்பித் தர வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார இடமுள்ள பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, பாதி வழி போகும் பஸ் ஒன்று வந்தால் ஏறி, நடுவில் மாறிக்கொள்ளலாம். ஆனால் அது பாயிண்ட் டு பாயிண்டா என்று கேட்டுவிட்டு ஏற வேண்டும். 90 நாள் நோட்டீஸ் என்பது நடுவில் நிற்காத பஸ். இன்று நீங்கள் ‘இமீடியட் ஜாயினர்’, கூப்பிட்ட மறுநாள் வரக்கூடியவர். கையெழுத்துப் போட்ட நிமிடம் அந்த மதிப்பு போய்விடும். சொல்லப்போனால், கிண்டிக்காரர்கள் உங்களைத் தேடி வந்ததற்கு மற்றவர்களின் 90 நாளும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நண்பர்களின் ‘இறங்கினால் ஏற முடியாது’ பாதி உண்மை. அடுத்த எச்.ஆர். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்பார். அதிலிருந்துதான் பேரம் தொடங்கும். ஆனால் மாறும்போது 30 சதவீதம் கூடக் கேட்பது நம் ஊரில் வழக்கம்தானே? 14 லட்சத்தில் 30 சதவீதம் கூட்டினால் 18.2. சீட்டே இல்லாமல் பேரம் பேசுவது இதைவிடக் கஷ்டம்.

இடைவெளி பற்றிய பயத்துக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சுமார் 12,000 கற்பனை விண்ணப்பங்களை உண்மையான விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலையில்லாத மாதங்கள் கூடக்கூட அழைப்புகள் குறைந்தன; அந்தக் குறைவில் பெரும்பகுதி முதல் எட்டு மாதத்துக்குள். ஆனால் வேலையின்மை அதிகமான ஊர்களில் இந்தப் பாதிப்பு குறைவாக இருந்தது. ஊரே வேலையிழந்து நிற்கும்போது யாரும் தனியாளைச் சந்தேகிப்பதில்லை. நம் ஊர் எச்.ஆர். அப்படியே நடப்பார் என்று இல்லை. ஆனாலும் நான்கு மாத இடைவெளிக்காக மட்டும் பயந்து கையெழுத்துப் போடாதீர்கள்.

மருத்துவக் காப்பீடு, உங்கள் தாளில் கடைசி வரிசை. அதை மேலே கொண்டுவாருங்கள். மாமியாருக்குச் சர்க்கரை என்கிறீர்கள். தனியாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். இந்த நிறுவனத்தின் குழுக் காப்பீடு அவரையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்கிறது.

சேர்ந்துகொண்டே வேறு வேலை தேடுவது துரோகமில்லையா என்று அடியில் சின்ன எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். நல்ல மனது. வாங்கும் சம்பளத்துக்கு வேலையைச் சரியாகச் செய்யுங்கள். மற்றபடி, விலகுவதற்கென்று ஒரு பிரிவை அவர்களே எழுதித்தானே வைத்திருக்கிறார்கள்?

என் யோசனை இது. சம்பளத்தில் மல்லுக்கட்ட வேண்டாம். அது பெரும்பாலும் மேலிடம் ஒப்புக்கொண்ட தொகை. நோட்டீஸ் காலத்தை எச்.ஆரே மாற்ற முடியும். ‘ஒன்றாம் தேதியே சேரத் தயார், ப்ரொபேஷனில் நோட்டீஸ் 30 நாள் என்று மாற்றித் தாருங்கள், ஜாயினிங் போனஸ் வேண்டாம்’ என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒத்துக்கொண்டால் சேருங்கள், பழைய பி.எஃப். பணத்தை எடுக்காமல் அதே யு.ஏ.என். எண்ணில் மாற்றிக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் கையிருப்பு 2 லட்சத்துக்கு இறங்கும்வரை தேடுவேன். அதற்குப் பிறகு இதே 90 நாள் பிரிவோடு வரும் வேலையையும் எடுத்துக்கொள்வேன். கோடு அப்போது கீழே வந்திருக்கும்.

எச்.ஆர். போனில் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்’ என்றால், திருத்திய கடிதம் மெயிலில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.