பிழை சொல்லும் முறை

நமது கடைகளில் பில் போடும் மென்பொருளை ஒருவர் எழுத, மற்றொருவர் சரிபார்ப்பார். ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976 இல் இதற்கொரு முறையை வெளியிட்டார். கண்ட பிழைகளை வைத்து எழுதியவரின் திறமையை எடைபோடக் கூடாது என்பது அவர் விதி.

நான் வியாபாரி, எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். 10,000 ரூபா பொருளுக்கு 1,000 ரூபா கழிவு கொடுத்தால், 18 வீத வற் வரி 9,000 ரூபாவுக்கே. அதாவது 1,620 ரூபா. மென்பொருள் 1,800 என்று போட்டால், வாடிக்கையாளரின் 180 ரூபா நம்மிடம் வந்துவிடும்.

"உனக்குக் கணக்கே தெரியாது" என்றால் எழுதியவர் முகம் சுருங்கும். பிழை அப்படியே நிற்கும். "இந்த இடத்தில் கழிவுக்கு முன்பே வரி போட்டிருக்கிறது, கழித்த பின் போடுங்கள்" என்றால் வேலை முடியும். இடம், காரணம், திருத்தம் மூன்றையும் சொல்லுங்கள். கணக்கப்பிள்ளையின் பேரேட்டைப் பார்க்கும்போதும் இதுவே முறை.