பேய்க்கு முகம் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய ஸ்கிரிப்ட்டும் கடிதமும் கிடைத்தன. விஸ்காம் கடைசி வருட புராஜெக்ட்டுக்குப் பேய்ப்படம்தான் எடுப்பேன் என்று நீ அடம்பிடிப்பதும், "சமூக விழிப்புணர்வு மாதிரி ஏதாவது எடுத்துட்டுப் போயேம்மா" என்று உன் துறைத் தலைவர் அலுத்துக்கொள்வதும் கடிதத்தில் தெரிகிறது. பேய்ப்படமே எடு. கையில் காசில்லாதவர்களுக்குத் தோதான வகை அது. ஆனால் இந்த ஸ்கிரிப்ட்டை எடுக்காதே.

ஐந்து நண்பர்கள், ஏற்காடு போகிற வழியில் கார் ரிப்பேர், பாழடைந்த பங்களா, ஓஜா போர்டு, வெள்ளைப் புடவை, தலைவிரி கோலம், கொலுசுச் சத்தம். இதில் எதுவும் உனக்கு நடந்ததில்லை, பார்க்கப்போகிறவர்களுக்கும் நடந்ததில்லை. எல்லாம் வேறு யாரோ எடுத்த படத்தில் பார்த்தது. ஏற்கெனவே பார்த்துவிட்ட பேய்க்கு யாரும் பயப்படுவதில்லை.

ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு காரியம் செய்திருக்கிறாய். நாயகி வீட்டுக்கு வருகிறாள். பூட்டைத் திறக்கிறாள். உள்ளே யாருமில்லை. மொட்டைமாடியில் டேங்க் நிரம்பி வழிகிற சத்தம் கேட்கிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. போட்டது யார்? நீ அதை அரை வரியில் விட்டுவிட்டுப் பங்களாவுக்கு ஓடிவிட்டாய். எனக்குச் சில்லிட்டது அந்த அரை வரியில்தான். பங்களாவை விடு, மோட்டாரைப் பிடி.

குறும்படத்துக்கு ஒரு பேய் போதும், அந்தப் பேய்க்கு ஒரு விதி போதும். ஸ்வீடன்காரர் டேவிட் சாண்ட்பெர்க் 2013இல் எடுத்த 'லைட்ஸ் அவுட்' மூன்று நிமிடம்கூடக் கிடையாது. எடுத்த இடம் சொந்த வீடு, நடித்தவர் மனைவி. விளக்கை அணைத்தால் இருட்டில் ஓர் உருவம் நிற்கிறது, போட்டால் காணவில்லை. விதி அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே அது நமக்குப் புரிந்துவிடுகிறது. அதன்பிறகு அவள் சுவிட்ச்சில் கை வைக்கும்போதெல்லாம் "வேண்டாம், வேண்டாம்" என்று பதறுவது நாம்தான். ஒரு குறும்படப் போட்டிக்காக எடுத்த அந்தப் படத்தை 2016இல் அவரே ஹாலிவுட்டில் முழுநீளப் படமாக்கினார். நம் ஊரில் 2009இல் வந்த 'ஈரம்' பேய்க்குத் தண்ணீரைக் கொடுத்தது. அதே ஆண்டு 'யாவரும் நலம்' டிவி சீரியலைக் கொடுத்தது. சீரியலில் நடப்பது வீட்டில் நடக்கிறது. இரண்டுமே நாம் தினமும் புழங்குகிற பொருளில் கை வைத்தவை. படம் முடிந்து வீட்டுக்குப் போனவன் குழாயைத் திறக்கவும் டிவியைப் போடவும் வேண்டியிருந்தது அல்லவா, பயம் அங்கே பிழைத்தது.

உன் மோட்டாருக்கு வருவோம். மூன்று முறை ஓடட்டும். முதல் முறை அவள் ஸ்டார்ட்டர் பெட்டியின் சிவப்புப் பட்டனை அழுத்தி நிறுத்திவிட்டு, "மோட்டாரைப் போட்டுட்டே கிளம்பிட்டியாம்மா?" என்று ஊருக்குப் போயிருக்கும் அம்மாவிடம் போனில் சலித்துக்கொள்கிறாள். "நான் காலையில போடவே இல்லையேடி" என்கிறாள் அம்மா. இது சாதாரணமாகக் கடந்துபோக வேண்டும், அழுத்திச் சொல்லாதே. இரண்டாம் முறை அவள் வீட்டுக்குள் இருக்கும்போதே ஓடத் தொடங்குகிறது. ஸ்டார்ட்டர் இருப்பது சமையலறையில், அவள் இருப்பது கூடத்தில். அந்தப் பத்தடி தூரத்தை அவள் நடப்பதுதான் உன் படத்தின் நடுப்பகுதி. அவசரப்படுத்தாதே. மூன்றாம் முறை கரண்ட் போகிறது. டியூப்லைட் அணைகிறது, ஃபேன் சுற்றிச் சுற்றி நிற்கிறது, ஃபிரிட்ஜின் முனகல் அடங்குகிறது, தெருவே இருட்டு. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தோடு முடித்துவிடு.

எந்த ஆவி, எதற்காகப் பழிவாங்குகிறது என்று ஃபிளாஷ்பேக் வைக்கத் தோன்றும். வைக்காதே. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை எடுத்துப் படி. தூக்கம் வராத ஓர் எழுத்தாளன், நள்ளிரவில் வருகிற ஒரு வாடை, வீட்டுக்கு வந்து சேர்கிற ஒரு பெண். கடைசிவரை இவள் இன்னார் என்று கதை அடித்துச் சொல்வதில்லை. அதனால்தான் இன்றைக்கும் ராத்திரியில் அதைப் படிக்க யோசிக்கிறோம்.

இனி தொழில். எடிட்டிங் டேபிளில் காலம் தள்ளுகிறவன் சொல்கிறேன், பேய்ப்படத்தில் பாதி வேலை காதுக்கு. மாணவர்கள் இருக்கிற காசையெல்லாம் கேமரா வாடகைக்கும் டிரோனுக்கும் கொட்டிவிட்டு, சத்தத்தைக் கேமரா மைக்கிலேயே எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நீ போனில் படம் எடுத்தாலும் பரவாயில்லை, ஒரு ரெக்கார்டரை வாடகைக்கு எடு. மோட்டாரின் பக்கத்தில், சமையலறையில், மூடிய கதவுக்கு இந்தப் பக்கம், மொட்டைமாடியில் என்று நாலு இடத்தில் தனித்தனியாகப் பதிவு செய். நாலும் நாலு விதமாக இருக்கும். அவள் நடக்க நடக்க ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறினால், பேய் எங்கே இருக்கிறது என்று காதே சொல்லிவிடும். ஒவ்வோர் அறையிலும் யாரும் பேசாமல் ஒரு நிமிட அமைதியையும் பதிவு செய். அது இல்லாமல் எடிட்டிங்கில் நிசப்தத்தை ஒட்டுப்போட முடியாது. டேக் போகும்போது ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்து. வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடு, மறுபடி போடாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது. சவுண்ட்காரர்களின் பழைய தந்திரம் இது. நெட்டில் இறக்கிய 'கிரீச்' வயலினைத் தொடாதே. உன் வகுப்பில் இன்னும் நாலு படத்தில் அதே வயலின் வரும்.

சத்தம் என்ன செய்யும் என்று பார்க்க 1942இல் ஜாக் டூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' படத்தைப் பார். ராத்திரியில் ஒருத்தி நடக்கிறாள், பின்னால் இன்னொருத்தியின் செருப்புச் சத்தம். சட்டென்று அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. சிறுத்தை பாய்கிறது என்று நாம் துள்ளும்போது, காற்றுப் பிரேக் சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பஸ். அந்தக் காட்சியில் விலங்கே இல்லை. சின்ன பட்ஜெட் படம் அது. காட்டக் காசில்லாததைக் கேட்க வைத்தார்கள்.

இருட்டைப் படம் பிடிக்கவும் வெளிச்சம் வேண்டும். விளக்கில்லாமல் ஐஎஸ்ஓவை ஏற்றினால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு எல்இடியை வைத்து, மற்றதை இருட்டாக விடு. கரண்ட் போன பிறகு அவள் கையில் டார்ச் கொடு. 'பீட்சா'வில் (2012) கார்த்திக் சுப்புராஜ், விஜய் சேதுபதியை ஒரு பங்களாவுக்குள் டார்ச்சோடு தனியாக விட்டு நம்மை எவ்வளவு நேரம் கட்டிப்போட்டார் என்று கவனி. அவரும் குறும்படத்திலிருந்து வந்தவர்தான். இன்னொன்று, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/50இல் வை, அதற்குப் பொருந்தாத வேகத்தில் வைத்தால் டியூப்லைட் திரையில் படபடக்கும். அந்தப் படபடப்பு பேயின் வேலை என்று வைவாவில் சமாளிக்க முடியாது.

படம் ஓடப்போவது உங்கள் செமினார் ஹாலில் என்பதை மறந்துவிடாதே. திரைச்சீலை இடுக்கில் வெயில் அடிக்கும், பழைய புரொஜெக்டரில் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். திரையிடலுக்கு முன்னால் ஒருமுறை அங்கேயே போட்டுப் பார்த்துவிட்டுக் கலர் கரெக்ஷனை முடி. வகுப்புத் தோழனுக்குப் பேய் வேடம் கொடுத்தால், அவன் முகம் திரையில் வந்த நொடியில் கடைசி பெஞ்ச் விசிலடிக்கும், படம் அங்கேயே செத்துவிடும். பேய்க்கு முகம் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் கலையும் காரணம், கடைசி பெஞ்சும் காரணம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மனநோயாளியையோ, திருநங்கையையோ, வல்லுறவுக்கு ஆளான பெண்ணையோ பேயாக்காதே. உயிரோடு இருக்கும்போதே அவர்களைப் பார்த்து ஒதுங்குகிற ஊர் இது, அந்தப் பயத்துக்கு நீயும் தீனி போட வேண்டாம். 'ரியாக்‌ஷன்' எடுக்கிறேன் என்று தெருவில் போகிறவர்களையும் மிரட்டாதே. பெங்களூரில் 2019இல் பேய் வேடம் போட்டு வழிப்போக்கர்களை மிரட்டி வீடியோ எடுத்த மாணவர்களைப் போலீஸ் கைது செய்தது. இரவு ஷூட்டிங் என்றால் வீட்டுக்காரரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் முதலிலேயே சொல்லிவிடு. யூனிட்டில் இருக்கிற பெண்பிள்ளைகள் எப்படி வீடு திரும்புவார்கள் என்பதை ஷாட் பிரிக்கும் முன்பே முடிவு செய்.

ஆறு பக்கத்துக்கு மேல் போகாமல் திருப்பி எழுது. அதற்கு முன்னால் மோட்டார் சத்தத்தை மட்டும் பதிவு செய்து எனக்கு அனுப்பு. படமில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கிறேன். எனக்கு வயிற்றைக் கலக்கினால் கேமராவுக்கு அட்வான்ஸ் கொடு. கலக்காவிட்டால் இன்னும் பத்து நாள் ஸ்கிரிப்ட்டிலேயே உட்கார்.

அன்புடன்,
அண்ணன்